பட்டாசு ஆலை மரணங்களுக்கு நிறுவனத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியுமா?

கேள்வி: சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வெடிவிபத்து. எங்கள் ஊர்க்காரர்களும் இறந்துவிட்டார்கள். போர்மேனையும் மேலாளரையும் கைது செய்திருக்கிறார்கள். ஆலையை நடத்துகிற நிறுவனத்தின் மீது வழக்கே இல்லை. இங்கிலாந்தில் நிறுவனத்தின் மீதே மரணக் குற்றம் சாட்டச் சட்டம் இருக்கிறது என்கிறார்கள். இங்கே அப்படி முடியாதா? குடும்பத்தார் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

முடியும். இந்தியாவில் இதற்குச் சட்டமே இல்லை என்று மதுரை, விருதுநகர் பக்கம் பலரும் சொல்வார்கள். வழக்கறிஞர்களிலும் சிலர் அப்படி நம்புகிறார்கள். அது சரியல்ல. இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 2(26) பிரிவில் 'நபர்' என்றால் நிறுவனமும் சங்கமும் அடங்கும். பதிவு செய்ததா இல்லையா என்பதுகூட அங்கே பொருட்டில்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 11ஆம் பிரிவும் இதையே சொன்னது. நிறுவனத்தைச் சிறையில் அடைக்க முடியாதே, கட்டாயச் சிறைத்தண்டனை உள்ள குற்றத்தில் அதன் மீது எப்படி வழக்கு நடத்துவது என்ற கேள்வியை ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கி வழக்கில் 2005ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்த்துவைத்தது. சிறை முடியாவிட்டால் அபராதம் விதிக்கலாம், வழக்கிலிருந்து விடுவிக்கக் கூடாது என்பது முடிவு. நிறுவனத்துக்கு மனம் ஏது, குற்ற எண்ணம் ஏது என்ற வாதமும் 2010ல் இரிடியம் - மோட்டரோலா வழக்கில் அடிபட்டுப் போனது. நிறுவனத்தை இயக்குகிற ஆட்களின் எண்ணமே நிறுவனத்தின் எண்ணம் என்றார்கள்.

ஆக, கதவு திறந்தேதான் இருக்கிறது. ஆனாலும் வழக்குகள் ஏன் போர்மேனோடு நின்றுவிடுகின்றன? கடைசியாக வெடிமருந்தைத் தொட்ட கை யாருடையது என்பதை மட்டும் விசாரித்துக் குற்றப்பத்திரிகை எழுதுகிறார்கள். அந்தக் கை அந்த அறைக்குள் அப்படி வேலை செய்யும்படி யார், எந்த ஏற்பாட்டில் வைத்தார்கள் என்பது காகிதமாக நீதிமன்றத்துக்கு வருவதில்லை. எய்தவன் இருக்க அம்பை நோவது நம் புலன்விசாரணையின் பழைய பழக்கம். அதற்குத் தோதாக ஒரு தீர்ப்பும் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் மேற்கொண்டு போக முடியாது.

1962 ஏப்ரலில் பம்பாயில் ஒரு பெயின்ட், வார்னிஷ் தொழிற்சாலையில் தீப்பிடித்து ஏழு தொழிலாளர்கள் இறந்தார்கள். உரிமம் சூடேற்றாமல் செய்யும் முறைக்கு மட்டும். மேலாளரோ நான்கு பர்னர்களைப் பற்றவைத்துச் சூடேற்றும் முறைக்குப் போய்விட்டார். அதே அறையிலேயே டர்பன்டைனும் வார்னிஷும் அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு தொழிலாளி, கலவை ஆறுவதற்கு முன்பே டர்பன்டைனை ஊற்றிவிட்டார். நுரை பொங்கி வழிந்து பர்னரில் விழுந்தது. குர்பான் உசேன் வழக்கு என்று சட்டம் படித்தவர்கள் சொல்வது இதைத்தான். மேலாளரின் கவனக்குறைவு மரணத்துக்கு நேரடியான, உடனடியான காரணமாக இருக்க வேண்டும். இங்கே நேரடிக் காரணம் டர்பன்டைனை அவசரப்பட்டு ஊற்றியதுதான் என்று சொல்லி, கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கான 304ஏ பிரிவிலிருந்து உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. நெருப்பைக் கவனக்குறைவாகக் கையாண்ட சிறு குற்றம் மட்டும் நின்றது. இன்றுவரை ஆலை உரிமையாளர் தரப்பு வழக்கறிஞர் எழுந்ததும் முதலில் நீட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான். "உராய்வு ஏற்பட்டது தொழிலாளி கையில், முதலாளி அப்போது சிவகாசியில் இருந்தார்" என்று ஒரு வரி சேர்த்தால் வாதம் முடிந்தது.

இதற்கு மாற்று, பட்டாசு ஆலை வழக்கு ஒன்றிலேயே இருக்கிறது. 1968ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பால்சந்திரா வழக்கு. மகாராஷ்டிரத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள்; பெரும்பாலும் பெண்கள். வெடித்த கணத்தில் என்ன நடந்தது என்று சொல்ல ஆள் இல்லை. ஆனால் தடைசெய்யப்பட்ட, தொட்டால் வெடிக்கிற அளவுக்குக் கூருணர்வுள்ள கலவைகளை ஆலை நடத்தியவர்கள் வைத்திருந்தார்கள். அது இல்லாமல் இந்த மரணங்கள் நடந்திருக்காது என்பதே போதுமான நேரடிக் காரணம் என்று 304ஏ தண்டனையை உறுதிசெய்தது நீதிமன்றம். குர்பான் உசேன் தீர்ப்பைப் பார்த்துவிட்டு, அதிலிருந்து வேறுபடுத்தித்தான் இதைச் சொன்னார்கள். விருதுநகர் மாவட்ட வழக்கு எதுவாக இருந்தாலும் இந்த இரண்டு தீர்ப்புகளுக்கு நடுவில் எங்கே விழுகிறது என்பதுதான் கேள்வி. கலவையே தப்பு, அறையே தப்பு, ஆள் எண்ணிக்கையே தப்பு, அதை நடத்தியவருக்குத் தெரியும் என்று காட்ட முடிந்தால் அது பால்சந்திரா பக்கம். வெறுமனே 'பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றவில்லை' என்று ஒரே வரியில் எழுதினால் குர்பான் உசேன் பக்கம் சாய்ந்துவிடும்.

இப்போது பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் நடந்த விபத்து என்றால் புதிய சன்ஹிதா, அதற்கு முன் என்றால் பழைய தண்டனைச் சட்டம். கவனக்குறைவால் மரணம் விளைவிப்பது இப்போது 106(1). ஐந்து ஆண்டு வரை சிறை, ஜாமீன் உண்டு, முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் விசாரிப்பார். பழைய 304ஏ பிரிவில் இரண்டே ஆண்டுதான். கொலையாகாத மரணம் விளைவித்தல் 105. மரணம் நேரலாம் என்று தெரிந்தே செய்தால் பத்து ஆண்டு வரை, ஜாமீன் கிடைப்பது எளிதல்ல, செஷன்ஸ் நீதிமன்றம். வெடிபொருளைக் கவனக்குறைவாகக் கையாள்வதற்கான 288 ஆறு மாதப் பிரிவு. அது மட்டும் போட்டிருந்தால் வழக்கு இல்லாததற்குச் சமம்.

105ஆ 106ஆ என்பது வெறும் தண்டனைக் கணக்கு அல்ல. ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்து தடயம் எடுத்து வீடியோவும் பதிவு செய்ய வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3). மாநில அரசு அறிவிக்கும் தேதியிலிருந்து அது கட்டாயம். 105 போட்டால் அந்த வரம்புக்குள் வருகிறது; 106 மட்டும் போட்டால் வருவதில்லை. பட்டாசு ஆலையில் இது உயிர்நாடி. வெடித்த அறையின் இடிபாட்டை மறுநாளே ஜேசிபி வைத்து வழித்துவிட்டால், எந்த மருந்து, எவ்வளவு இருந்தது என்பதைப் பிறகு கடவுளாலும் நிரூபிக்க முடியாது.

105 நிற்க வேண்டுமானால் 'தெரியும்' என்பதற்கு ஆதாரம் வேண்டும். போபால் அந்தப் பாடம். 1984 டிசம்பர் 2 இரவு நடந்த விஷவாயுக் கசிவில் யூனியன் கார்பைடு இந்தியா நிறுவனமும் அதன் அதிகாரிகளும், இன்றைய 105க்கு இணையான பழைய 304 இரண்டாம் பகுதியில் குற்றம் சாட்டப்பட்டார்கள். 1996ல் உச்ச நீதிமன்றம் அதை 304ஏ ஆகக் குறைத்தது: ஆலையில் குறை இருந்ததற்கு ஆதாரம் இருக்கிறது, மரணம் நேரும் என்ற அறிவோடு நடத்தினார்கள் என்பதற்கு இல்லை என்று. 2010 ஜூன் 7ல் தீர்ப்பு வந்தபோது அதிகாரிகளுக்கு இரண்டு ஆண்டு, நிறுவனத்துக்குச் சுமார் 5 லட்சம் ரூபாய் அபராதம். ஆயிரக்கணக்கான உயிருக்கு அது. கவனியுங்கள், நிறுவனம் குற்றவாளி என்று தீர்ப்பு வரத்தான் செய்தது. யாருக்கும் நினைவில்லை, ஏனென்றால் அபராதம் அவ்வளவு அற்பம்.

பட்டாசு ஆலையில் 'தெரியும்' என்பதைக் காட்டுவது போபாலைவிடச் சுலபம் என்பது என் கணிப்பு. இங்கே ஆபத்து யாருக்கும் தெரியாத ரசாயனத்தில் இல்லை. உள்குத்தகையில் இருக்கிறது. நாக்பூரிலுள்ள மத்திய வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறை தரும் லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும். அவர் அறைகளை ரூம் கணக்கில் மூன்று நான்கு பேருக்கு விட்டுவிடுவார். ஒவ்வொருவரும் தீபாவளி ஆர்டரை முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் அறைக்கு அனுமதித்ததைப் போல இரண்டு மடங்கு ஆளை உட்காரவைப்பார். இடம் போதாமல் மரத்தடியிலும் வராந்தாவிலும் வேலை நடக்கும். மருந்து செலுத்தி முடித்த ஃபேன்சி ரக வெடி குடோனுக்குப் போகாமல் அறையிலேயே அடுக்கிக் கிடக்கும். முந்தின நாள் கலந்து மிச்சமான மருந்தை அழிக்காமல் மறுநாள் காலை அதையே கிளறுவார்கள். இரவில் ஈரம் பட்டு அது சூடேறிக் கிடந்திருக்கும். ஒரு அறை வெடித்தால் அடுத்த அறைக்குப் பாயக் கூடாது என்றுதான் அறைகளுக்கு இடையே இடைவெளி வைத்திருக்கிறார்கள். இடைவெளியிலும் சரக்கு கிடந்தால் அது திரி மாதிரி ஆகிவிடும். ஓர் அறை விபத்து ஆலை முழுவதும் பரவி இருபது முப்பது உயிரைக் கொண்டுபோவது பெரும்பாலும் இப்படித்தான். 2012 செப்டம்பர் 5ல் முதலிப்பட்டியில் 38 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12ல் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். மதுரை மாவட்டத்துக்குள்ளேயே அழகுசிறையில் 2022 நவம்பரில் ஐந்து பேர்.

உள்குத்தகை ஏற்பாட்டில் உரிமம் வைத்திருப்பவர் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "நான் அங்கே இல்லை, நடத்தினது அவர்கள்." சட்டப்படி அந்தப் பதில் அவருக்கு எதிரான சாட்சியம். உரிமத்தை வேறொருவர் நடத்த விட்டதே மீறல். கண்காணிக்க ஆள் இல்லாமல் வெடிமருந்தை விட்டுவைத்தேன் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். புலன்விசாரணை அதிகாரி அந்த வாக்குமூலத்தை இப்படிப் படிக்கிறாரா, அல்லது அவரைச் சாட்சிப் பட்டியலில் தள்ளிவிடுகிறாரா என்பதைக் குடும்பத்தார் கவனிக்க வேண்டும்.

நிறுவனத்தைச் சேர்ப்பதற்கு 105, 106 தவிர இன்னொரு வழியும் உண்டு, அதுவே எளிது. சிறப்புச் சட்டங்கள் ஒவ்வொன்றிலும் 'நிறுவனங்கள் செய்யும் குற்றங்கள்' என்று ஒரு பிரிவு இருக்கும். 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தில் அது 9சி. குற்றம் நடந்தபோது நிறுவனத்தின் நடவடிக்கைக்குப் பொறுப்பாக இருந்தவர் எல்லாரும் குற்றவாளியாகக் கருதப்படுவர். தனக்குத் தெரியாமல் நடந்தது, தடுக்க எல்லா முயற்சியும் எடுத்தேன் என்று நிரூபிக்கும் சுமை அவர்கள் தலையில். இந்தப் பிரிவுகளில் 'நிறுவனம்' என்றால் கூட்டாண்மையும் சேரும். தண்டனைச் சட்டத்தில் இந்த மாதிரிக் கருதுகோள் கிடையாது. இயக்குநர் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை இழுக்க முடியாது, அவருடைய சொந்தப் பங்கைக் காட்ட வேண்டும் என்று 2015ல் சுனில் பார்தி மிட்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் திட்டமாகச் சொல்லிவிட்டது.

இங்கே அடிக்கடி நடக்கிற ஒரு பிழை. போலீஸ், பங்குதாரர்களை ஒன்று முதல் ஐந்து வரை எதிரிகளாக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களாக, எழுதுவார்கள்; நிறுவனத்தை எழுத மாட்டார்கள். 2012ல் அனிதா ஹடா வழக்கில் உச்ச நீதிமன்றம், பொறுப்பாளர்களை இந்த மாதிரிக் கருதுகோள் பிரிவின் கீழ் தண்டிக்க வேண்டுமானால் நிறுவனமும் எதிரியாக இருந்தாக வேண்டும் என்றது. அது காசோலை வழக்கில் வந்த தீர்ப்புதான், ஆனால் இதே வடிவில் உள்ள மற்றச் சட்டங்களுக்கும் கொண்டுவந்து காட்டுகிறார்கள். எனவே நிறுவனத்தை எழுதாமல் விட்டால் முதலாளியும் தப்பிவிடுவார். ஒரு விதிவிலக்கு: ஆலை தனி உரிமையாளர் பெயரில் இருந்தால் நிறுவனம் வேறு, ஆள் வேறு அல்ல, பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் எதிரி அவரேதான். ஆகவே முதல் வேலை, உரிமம் யார் பெயரில், எந்த வடிவில் இருக்கிறது என்று பார்ப்பது. ஒரே நேரத்தில் 15 கிலோ வரை வெடிபொருள் வைத்துக்கொள்ளும் சிறு ஆலைக்கு மாவட்ட நிர்வாகம் தரும் டிஆர்ஓ (மாவட்ட வருவாய் அலுவலர்) லைசென்ஸ். பெரியதற்குச் சென்னை அல்லது நாக்பூர்.

தொழிற்சாலைச் சட்டம் பற்றி ஒரு வார்த்தை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிறுவனம் என்றால் அதன் இயக்குநர் ஒருவரே 'ஆக்கிரமிப்பாளர்' (occupier), அதாவது ஆலைக்குச் சட்டப்படி பொறுப்பாளர். மேலாளர் ஒருவரைக் கைகாட்டிவிட்டு ஒதுங்க முடியாது என்று 1996ல் ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் முடிவாகிவிட்டது. ஆனால் அதில் வழக்குத் தொடர ஆய்வாளருக்கு மட்டுமே உரிமை இருந்தது, அதுவும் தகவல் தெரிந்து மூன்று மாதத்துக்குள். 2025 நவம்பர் 21 முதல் அந்த இடத்துக்கு வந்திருக்கிற தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பின் 103ஆம் பிரிவில், கடமை தவறி மரணம் நேர்ந்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையை வாரிசுகளுக்குத் தரச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. இந்தப் பாதி விஷயம் பலருக்குத் தெரியாது, கேட்டால்தான் கிடைக்கும். இதிலொரு ஓட்டையும் உண்டு. மின்சாரத்தில் ஓடும் இடம் 'தொழிற்சாலை' ஆக முன்பு 10 பேர் போதும், இப்போது 20. மின்சாரமில்லாத இடத்துக்கு 20 ஆக இருந்தது 40 ஆகிவிட்டது. அறை அறையாகப் பிரித்து 'அவரவர் தனி யூனிட்' என்று சொல்கிற ஊரில் இதன் பொருள் என்ன என்று சொல்லத் தேவையில்லை.

இங்கிலாந்துச் சட்டத்துக்கு வருவோம், ஏனென்றால் அது எந்தக் குறையைத் தீர்க்க வந்தது என்று தெரிந்தால் நம் வழக்கில் என்ன தேட வேண்டும் என்பது தெரியும். 1987 மார்ச் 6ல் ஸீப்ரூக் துறைமுகத்திலிருந்து கிளம்பிய ஹெரால்டு ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் என்ற படகுக்கப்பல், முன்கதவு திறந்தபடியே கடலில் இறங்கிக் கவிழ்ந்தது. 193 பேர் இறந்தார்கள். கதவை மூட வேண்டிய பணியாள் தூங்கிவிட்டார். பார்க்க வேண்டியவர் அது தன் வேலை இல்லை என்று போய்விட்டார். கப்பல்தலைவர் நிற்கும் இடத்திலிருந்து கதவு கண்ணுக்கே தெரியாது. கதவு மூடியதா என்று காட்ட ஒரு விளக்குப் பொருத்துங்கள் என்று கப்பல்தலைவர்கள் முன்பே எழுதிக் கேட்டிருந்தார்கள். அலுவலகத்தில் அதைக் கிண்டலடித்து ஒதுக்கினார்கள். நிறுவனம் தலை முதல் கால் வரை அசட்டையில் ஊறிக் கிடந்தது என்ற பொருளில் விசாரணை அறிக்கை எழுதியது. ஆனாலும் 1990ல் நிறுவனத்தின் மீதான வழக்கு விழுந்துவிட்டது. உயர் பொறுப்பில் இருந்த ஒரே ஓர் ஆளின் தலையில் முழுக் குற்றமும் நிற்க வேண்டும், பலருடைய சிறு சிறு தவறுகளைக் கூட்டிக் கணக்குப் போடக் கூடாது என்பது அன்றைய விதி. பெரிய நிறுவனத்தில் அப்படி ஒரு ஆளைக் காட்டவே முடியாது. சின்ன நிறுவனத்தில் காட்டிவிடலாம். அதனால்தான் 1994ல் முதன்முதலில் தண்டனை பெற்றது, லைம் விரிகுடாவில் படகுப் பயிற்சியில் நான்கு பிள்ளைகள் இறக்கக் காரணமான ஒரு சிறு நிறுவனம்.

2007ல் நிறைவேறி 2008 ஏப்ரல் 6ல் நடைமுறைக்கு வந்த சட்டம் அந்த விதியை மாற்றியது. வேலையை நடத்திய முறை, ஒழுங்குசெய்த முறை மரணத்துக்குக் காரணமா, அது கடமையை மிக மோசமாக மீறியதா, அந்த மீறலில் மூத்த நிர்வாகத்துக்குக் கணிசமான பங்கு உண்டா என்று மட்டும் பார். ஒரு ஆளைக் காட்ட வேண்டியதில்லை. தண்டனை வரம்பில்லாத அபராதம், குறையைச் சரிசெய்யும் ஆணை, செய்த குற்றத்தை ஊரறிய விளம்பரப்படுத்தும் ஆணை. 2016 பிப்ரவரி முதல் அமலில் உள்ள வழிகாட்டுதலின்படி ஆண்டு விற்றுமுதல் 5 கோடி பவுண்டுக்கு மேல் உள்ள நிறுவனத்துக்கு, குற்றம் மிக மோசமானதாக இருந்தால், அபராதக் கணக்கு 75 லட்சம் பவுண்டில் தொடங்குகிறது.

படிக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் கீழ் 2011ல் தண்டிக்கப்பட்ட முதல் நிறுவனம், மண் பரிசோதனைக் குழி சரிந்து ஓர் இளம் பொறியாளர் இறந்த சிறு நிறுவனம். 3,85,000 பவுண்ட் அபராதம். அதன் பிறகும் மாட்டியவை பெரும்பாலும் சிறியவையே. பெரிய இடங்களில் யார் எதை முடிவு செய்தார்கள் என்பதைப் பிரித்தெடுக்க அங்கேயும் திணறுகிறார்கள். அச்சட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால் சிவகாசியில் நிலைமை மாறிவிடும் என்று நான் நினைக்கவில்லை. ஊரறிய விளம்பரம் செய்தால் இங்கே ஒருவரும் பயப்பட மாட்டார். ஆலையை மூடிவிட்டு மனைவி பெயரில், மச்சான் பெயரில் அடுத்த உரிமம் வாங்கிவிட்டால் அபராதம் கட்ட நிறுவனமே இருக்காது. இங்கே நமக்குத் தேவை, தவறுகளைக் கூட்டிக் கணக்கிட அனுமதிக்கும் ஒரு சிறு பிரிவும், உள்குத்தகையில் மரணம் நேர்ந்தால் உரிமதாரரே பொறுப்பு என்ற அனுமானமும், அதே குடும்பத்துக்கு அடுத்த உரிமம் கிடைக்காத தடையும்தான்.

அபராதத்தைப் பற்றி யாரும் பேசாத விஷயம் ஒன்று உண்டு. நிறுவனத்துக்குக் கிடைக்கக்கூடிய ஒரே தண்டனை அபராதம். 106(1) வழக்கு முதல் வகுப்பு நடுவர் முன்பு நடக்கிறது. அவர் விதிக்கக்கூடிய அதிகபட்ச அபராதம், சுரக்ஷா சன்ஹிதா 23(2) பிரிவின்படி 50,000 ரூபாய். அதாவது எல்லாம் சரியாக நடந்து, நிறுவனம் குற்றவாளி என்று தீர்ப்பே வந்தாலும், ஒரு லோடு பட்டாசின் விலைகூட வராது. நடுவர் இதைவிடக் கூடுதல் தண்டனை தேவை என்று கருதினால் 364ஆம் பிரிவில் தலைமை நீதித்துறை நடுவருக்கு அனுப்பலாம். அவருக்கு இந்த உச்சவரம்பு இல்லை. 364 மனுவை எதிர்பார்த்தே அரசு வழக்கறிஞரிடம் முன்கூட்டிப் பேசிவைக்க வேண்டும். தீர்ப்புக்குப் பிறகு பேசிப் பயனில்லை.

பட்டாசு அல்லாத விபத்துக்கும் இதே தர்க்கம்தான். பழங்காநத்தம் நேரு நகர் கழிவுநீரேற்று நிலையத்தில் 2022 ஏப்ரலில் மூன்று ஒப்பந்தத் தொழிலாளர்கள் விஷவாயு தாக்கி இறந்தது மதுரைக்காரர்களுக்கு நினைவிருக்கும். இந்த வகை மரணங்களுக்கு, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பட்டாசுச் சட்டங்களைவிடக் கூர்மையானது. 7ஆம் பிரிவு, எந்த நபரும், உள்ளாட்சி அமைப்பும், முகமையும் நேராகவோ மறைமுகமாகவோ ஒருவரை அபாயகரமான முறையில் சாக்கடை, செப்டிக் டேங்க் வேலைக்கு இறக்கக் கூடாது என்கிறது. 'மறைமுகமாகவோ' என்ற சொல்லால், ஒப்பந்தக்காரர் தலையில் போட்டுவிட்டுத் தப்புவது கடினம். முதல் முறை இரண்டு ஆண்டு வரை, மறுமுறை ஐந்து ஆண்டு வரை. ஜாமீனில் விட முடியாத குற்றம். நிறுவனங்களுக்கு 23ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. இந்தச் சட்டத்தைச் சேர்க்காமல் 106 மட்டும் போட்ட முதல் தகவல் அறிக்கையைப் பார்த்தால் அன்றே ஆட்சேபம் எழுதிக் கொடுங்கள்.

இனி, உங்கள் ஊர்க் குடும்பத்தார் செய்ய வேண்டியது. முதல் பத்து நாள் முக்கியம். புகார் கொடுத்தவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம்; அதில் எந்தப் பிரிவு, எதிரிகள் யார் என்று பாருங்கள். நிறுவனத்தின் பெயர் இல்லை என்றால் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். அதில் கோபத்தை எழுதாதீர்கள். எந்தப் பொருள்களைக் கைப்பற்ற வேண்டும் என்று எழுதுங்கள். சம்பள நோட்டு, வருகைப் பதிவு, இஎஸ்ஐ, பிஎஃப் பட்டியல் மூன்றையும் பக்கத்தில் வைத்தால் அறைக்கு எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்பது வெளியே வந்துவிடும். பதிவேட்டில் எட்டுப் பேர், சம்பள நோட்டில் இருபத்திரண்டு பேர் என்று இருப்பது சாதாரணம். ரசாயனக் கொள்முதல் பில்லும் ஜிஎஸ்டி விவரமும் உரிமத்தில் அனுமதித்த அளவை மீறினார்களா என்று காட்டும். சிசிடிவி பதிவுப் பெட்டி, முகவர்களோடு நடந்த வாட்ஸ்அப் ஆர்டர்கள், உள்குத்தகை எழுதிய முத்திரைத்தாள், முன்பணம் போன வங்கிக் கணக்கு. இவற்றோடு வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறையும் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககமும் முன்பு அனுப்பிய விளக்கம் கேட்கும் நோட்டீஸ்கள், நிறுத்திவைப்பு உத்தரவுகள். இந்தக் கடைசிக் காகிதம் கிடைத்தால் 105க்கான 'தெரியும்' கிடைத்துவிட்டது. போலீஸ் வாங்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி நீங்களே கேளுங்கள். விசாரணையைப் பாதிக்கும் என்று 8(1)(எச்) காட்டி மறுப்பார்கள். விபத்துக்கு முந்தைய ஆய்வு அறிக்கை எப்படி விசாரணையைப் பாதிக்கும் என்று மேல்முறையீட்டில் கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது.

காயத்தோடு பிழைத்தவர்களின் வாக்குமூலம் நடுவர் முன்பு பதிவாக வேண்டும் என்று வற்புறுத்துங்கள். அவர்கள் நாளை அதே ஊரில் இன்னொரு ஆலைக்கு வேலைக்குப் போக வேண்டியவர்கள். ஆறு வருடம் கழித்துக் கூண்டில் ஏறும்போது பிறழ்சாட்சி ஆவது அவர்கள் தப்பல்ல. இழப்பீடு வாங்கினால் வழக்கு போய்விடும் என்று சொல்லிக் கையெழுத்துக் கேட்பார்கள். 106 சமரசத்துக்கு உட்பட்ட குற்றம் அல்ல. பணத்தை வாங்குங்கள், அது உங்கள் உரிமை. 'வழக்கைத் தொடர விருப்பமில்லை' என்ற வாசகம் உள்ள தாளில் கையெழுத்திடாதீர்கள். அந்தத் தாளை வைத்துத்தான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் சுரக்ஷா சன்ஹிதா 528ஆம் பிரிவில் மனுப் போட்டு வழக்கை ரத்து செய்யக் கேட்பார்கள்.

90 நாளுக்குள் விசாரணை நிலவரத்தை உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியது காவல்துறையின் கடமை. குற்றப்பத்திரிகையில் நிறுவனமும் உரிமதாரரும் விடுபட்டிருந்தால் மேல்விசாரணை கேட்டு நடுவரிடம் ஆட்சேப மனு. அதுவும் நடக்காவிட்டால், விசாரணையில் சாட்சியம் வரும்போது அதே சன்ஹிதாவின் 358ஆம் பிரிவில் அவர்களை எதிரியாகச் சேர்க்கக் கேட்கலாம். 106ஐ 105 ஆக மாற்ற 239. நிறுவனம் எதிரியானால் அதன் சார்பில் ஒரு பிரதிநிதியை நியமிக்க வேண்டும் என்பது 342. ஆள் வரவில்லை என்று வழக்கை இழுக்க முடியாது. பழைய 304ஏ வழக்குகளில் மூன்று ஆண்டுக்குள் நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுக்க வேண்டும் என்ற காலவரம்பு இருந்தது. புதிய 106(1) பிரிவில் தண்டனை ஐந்து ஆண்டு என்பதால் அந்த வரம்பு இல்லை. 'காலம் கடந்துவிட்டது' என்று யாராவது சொன்னால் விபத்து எந்தத் தேதியில் நடந்தது என்று முதலில் கேளுங்கள்.

கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தது 2004 ஜூலை 16ல். தஞ்சாவூர் நீதிமன்றத்தின் தீர்ப்பு 2014 ஜூலையில். அதில் பள்ளி நிறுவனருக்கு விதித்த ஆயுள் தண்டனையை, அதுவரை சிறையில் அனுபவித்த காலமாக 2017ல் உயர் நீதிமன்றம் குறைத்துவிட்டது. காலம் அவ்வளவு ஆகும் என்று தெரிந்தே இறங்குங்கள். விடுதலையோ குறைந்த பிரிவில் தண்டனையோ போதாத இழப்பீடோ வந்தால், பாதிக்கப்பட்டவர் தானே மேல்முறையீடு செய்ய 413ஆம் பிரிவில் உரிமை உண்டு. அரசு செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. குடும்பங்கள் தனித்தனியாக வழக்கறிஞர் வைக்காமல் ஒரே வக்காலத்தில் சேர்ந்தால் செலவும் குறையும், ஒருவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசி மடக்குவதும் குறையும்.